ஜீப்பில் போன ஆராய்ச்சி

தொண்ணூறுகளில், சாதிக் கலவரங்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக முக்கூடல் பக்கம் மூன்று ஊர்களுக்கு வாடகை ஜீப்பில் போனேன். மூன்றிலும் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். கலவரத்துக்குப் பின் ஆண்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள் என்று நானே முடிவுகட்டி நோட்டில் எழுதிக்கொண்டேன். பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

மூன்றாவது ஊரில், பீடி சுற்றியபடி பதில் சொல்லிக்கொண்டிருந்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், நீங்க எப்பம் போவிய?"

"ஏம்மா?"

"எங்க வீட்டுக்காரரு காலையில இருந்து வாழைக்குள்ள தண்ணியில கிடக்காரு. ஜீப்புச் சத்தம் கேட்டதும் போலீசுன்னு ஆம்பிளையாளுவ பூரா ஓடிட்டாவ. நீங்க வாத்தியாருன்னு சொல்லியனுப்பியும் நம்ப மாட்டேங்காரு. நீங்க போனாத்தான் சாப்பிட வருவாரு."

அப்போது மணி மூன்று. என் கேள்வித்தாளில் இன்னும் பதினொரு கேள்விகள் இருந்தன. மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வளைவில் திரும்பிப் பார்த்தேன். வாழைத் தோட்டத்திலிருந்து ஆண்கள் சேற்றுக் காலோடு ஒவ்வொருவராக ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு அந்த ஊர்களுக்குப் பஸ்ஸில் போனேன். பழைய முடிவை அடித்துவிட்டு ஆய்வை முடித்தேன். பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அந்த வாரம் அவர்களைத் துரத்தியது நான்தான் என்பதை மட்டும் ஆய்வேட்டில் எழுதவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.