யாரும் இறங்காத மேடு

எந்த நாத்தனாரும் அண்ணியை வாய் நிறையப் புகழ்வதில்லை. நான் புகழப்போகிறேன்.

என் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஆஸ்பத்திரி மேட்டில் நாலு பேரை ஏற்றினால் பாதியிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கும். "ரெண்டு பேர் மட்டும் இறங்கி நடந்துடுங்க" என்று கெஞ்சுவான். ஸ்டாண்டில் அவனுக்குப் பெயரே 'இறங்கு'. ஒருநாள் அவன் மகளும் விளையாட்டாக அப்படிக் கூப்பிட, சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

அண்ணி பல்செட் செய்யும் லேபில் பதினாறு வருடமாக வேலை பார்ப்பவள். முடியளவு மேட்டையும் விரல் நுனியில் கண்டுபிடிப்பாள். மறுநாளே எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொல்லி, சமையல் மேடையில் வைத்து, காற்று நுழையும் துளைக்குள் சுண்டுவிரலை விட்டாள்.

"உள்ள ஒரே கரடுமுரடா இருக்கு. காத்து எப்படிங்க போகும்?"

"தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை விழுந்தா வண்டியே போச்சு."

"பல்லையே பதமா தேய்க்கிறவ நான். இரும்புக்கா பயப்படுவேன்?"

"அது இரும்பு இல்ல, அலுமினியம்" என்றான் அண்ணன்.

மேடையை ஹெட் பிடித்துக்கொண்டதால், மூன்று வாரம் எங்களுக்குக் கூடத்தில்தான் அடுப்பு. லேபில் பல் தேய்க்கும் சின்ன மெஷினால், காற்று நுழையும் துளை, புகை வெளியேறும் துளை இரண்டையும் தேய்த்தாள். முடித்தபோது துளைக்குள் முகம் பார்த்துத் தலை சீவலாம், அத்தனை பளபளப்பு.

ஹெட்டை மாட்டி அண்ணி, மகள், நான், இரண்டு ஆள் எடையுள்ள என் வீட்டுக்காரர், நாலு பேரும் ஏறினோம். மேட்டில் வண்டி திக்கியது. பழக்க தோஷம், அண்ணன் "இறங்குங்க" என்றான்.

எல்லோரும் நடந்தோம். பாதி வழியில் அண்ணி நின்றாள்.

"பல்செட்டுல ஈறோட ஒட்டுற உள்பக்கத்தை மினுக்கவே மாட்டோம். மினுக்கினா வழுக்கிடும். இங்க மட்டும் எப்படி மறந்தேன்? பெட்ரோல் காத்தோட கலக்காம வழுக்கி ஓடுது."

மறுபடி கழற்றினார்கள். சொரசொரப்பான உப்புத்தாளைச் சுருட்டி, புகை வெளியேறும் துளையை அப்படியே விட்டுவிட்டு, காற்று நுழையும் துளையின் மினுக்கை மட்டும் எடுத்தாள். தான் போட்ட பளபளப்பைத் தானே கெடுப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு அதே நாலு பேர். பாதி மேட்டில் அண்ணன் வழக்கம்போலத் திரும்பி வாயைத் திறந்தான். வண்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

உச்சியில் நிறுத்தி, சுற்றி வந்து அண்ணி பக்கக் கதவைத் திறந்தான். கட்டிய மனைவிக்கு அவன் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை.

"இப்ப இறங்குங்க" என்றான், மரியாதையாக.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் என்பதே மறந்துபோனது.