உறுமிக்காரரின் வலது கை

பாடாங் செராய் வட்டாரத்தில் உறுமி மேளம் என்றால் புவனேசன்தான். வார நாளில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவார், சனி ஞாயிறு கோயில் கோயிலாக உறுமி. அவர் வலது கையில் குச்சி ஏறிவிட்டால் சும்மா நிற்கிற காலும் ஆடும். வருஷா வருஷம் முனியாண்டி கோயில் திருவிழாவில் அவருக்கு அருள் வரும். சுருட்டு கேட்பார், அதட்டுவார், குறி சொல்வார்.

இந்த வருஷமும் உச்சிப் பூசையில் வலது கை வெடவெடவென்று ஆடியது. ஆள் சாய்ந்தார். சாமி வந்துவிட்டது என்று கூட்டத்துக்கு ஒரே குஷி. மேளக்குழுத் தலைவர் பக்கிரிசாமி விபூதியை அள்ளிப் பூசி வாக்குக் கேட்டார். தாளத்தை இன்னும் முறுக்கச் சொன்னார். அந்த ஆர்ப்பாட்டத்தில் மனைவி நளினி மட்டும் புவனேசனின் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சுருட்டு கேட்கவில்லை, கேட்கிற நினைவே இல்லை. பக்கிரிசாமியிடம் ஓடினாள்.

“மேளத்த நிறுத்துங்கண்ணே. இது சாமி இல்ல, வலிப்பு. காடிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

சாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று சிலர் முறைத்தார்கள். முறைத்தால் முறைக்கட்டும் என்று அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தலையைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் ரூபினி விளக்கினார். புவனேசனுக்கு எச்.ஐ.வி. இருப்பது நளினிக்குத் தெரிந்ததுதான். உடம்புதான் கல்லாட்டம் இருக்கிறதே என்று மனிதர் மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டது மட்டும் தெரியாது. டாக்ஸோபிளாஸ்மா என்றொரு கிருமி, பலர் உடம்பில் சத்தமில்லாமல் கிடப்பதாம். எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் அது மூளையில் கிளம்பிவிட்டது. மருந்துக்கு அடங்கும், ஆனால் மரத்துக் கிடக்கும் வலது கை திரும்புமா என்று பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார். நளினிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. உறுமி அடிக்காத புவனேசனை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மருந்து ஏற ஏறப் பேச்சுத் தெளிந்தது. கைதான் அசையவில்லை. ஒரு நாள் காலை பக்கிரிசாமி பார்க்க வந்தார். வலிப்புக்கு மேளம் முறுக்கிய வெட்கத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவர், பேச்சை மாற்ற, அடுத்த திருவிழாவுக்குப் போட்டிருந்த புது அடியை வாயாலேயே சொல்லிக் காட்டினார். நடுவில் ஓர் அடி தப்பியது.

தாளம் தப்பினால் புவனேசனுக்குப் பொறுக்காது. முகம் சுளித்தார். போர்வை மேல் கிடந்த வலது ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்து, விட்டுப்போன அந்த அடியைச் சரியான இடத்தில் தட்டியது.

மூன்று பேரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

“அண்ணே,” என்றாள் நளினி, “இன்னொரு தடவ தப்பாச் சொல்லுங்க.”