சூரியநெல்லிக்கு வந்த புது மானிட்டர்

மூணாறில் வாங்கிய புது மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஜீப் குலுங்கும்போதெல்லாம் பதறியபடி இன்று சூரியநெல்லி வந்து சேர்ந்தேன்.

வீட்டில் கம்ப்யூட்டரோடு மாட்டினால் ‘நோ சிக்னல்’. மேனேஜருடன் மீட்டிங் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

“வழியில அடிபட்டிருக்கும்ட்டி” என்ற அம்மா, அதன் மேல் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினாள்.

நான் மேசைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டில் சொருகவேண்டிய கேபிளை அவசரத்தில் வேறு இடத்தில் சொருகியிருக்கிறேன். மாற்றியதும் திரை பளிச்சென்று வந்தது.

“ஸ்தோத்திரம்!” என்று அம்மா கண்ணைத் திறந்தாள். திரையில், தானாகவே திறந்துகொண்ட கேமில், ஒருவன் துப்பாக்கியோடு நின்றான்.

“ஆபீஸ் வேலைக்குன்னுதான வாங்குன? இவந்தான் ஒம் மேனேஜராட்டி?”

மீட்டிங் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். மீட்டிங் முடியப்போகிறது. என்ன சொல்லலாம், மக்களே?