ஒரு அடி கூடுதல்

நியூ ஜெர்சியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மழைத் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது. அங்கே பழைய ஊர்களில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஒரே சுரங்கத்தில்தான் ஓடும். பெருமழை பெய்தால் இரண்டும் கலந்து நேராக ஆற்றில் போய் விழும். அதைத் தடுக்கச் சுரங்கத்தின் தரையில் ஒரு ரப்பர் பையைப் பொருத்தினோம். காற்றடித்தால் திண்டு மாதிரி எழுந்து தண்ணீரை மறிக்கும். மட்டம் அளவுக்கு மேல் ஏறினால் காற்றை இறக்கி வழிவிடும். எந்த மட்டத்தில் இறக்குவது என்று கணக்குப் போட்டது நான்.

என் மேலதிகாரி அந்த மட்டத்தை ஒரு அடி கூட்டி வைக்கச் சொன்னார். ஆறு இன்னும் சுத்தமாகும், நியாயம்தான். ஆனால் என் கணக்குப்படி பள்ளமான ஒரு தெருவில் தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடுகளுக்குள் சாக்கடைக் குழாய் வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறும். சொல்லியிருக்க வேண்டும். என் கிரீன் கார்டு விண்ணப்பம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. "ஓகே சார்" என்றேன். அந்த ஆபீஸில் அவரை சார் போட்டுக் கூப்பிட்ட ஒரே ஜீவன் நான்தான்.

மனசு கேட்கவில்லை. தரைமட்டம் அளக்கும் சாக்கில் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரு பேஸ்மென்டில் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் தனியாக இருந்தார். தமிழ்ப் பிள்ளை என்றதும் டீ போட்டுக் கொடுத்தார். அகதி மனுவுக்கு அடுத்த மாதம் விசாரணை என்று சொல்லி, அதற்கான காகிதங்களைப் போட்டுக் கட்டிலடியில் வைத்திருந்த பெட்டியைக் காட்டினார்.

"தம்பி, மழைக்கு இங்க தண்ணி வருமோ?"

ஒரு வீட்டில் டீயைக் குடித்துவிட்டு அபசகுனமாகப் பேசலாமா? நல்ல வார்த்தையே சொல்லிப் பழகிய வாய். "அதெல்லாம் வராது ஆன்ட்டி" என்றேன்.

சில நாளிலேயே ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. பை அசையாமல் நின்றது. ஆபீஸில் கை தட்டினார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முழங்கால் அளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. ஆன்ட்டி காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பாதித் தாள்களில் மை கரைந்து ஓடியிருந்தது. "வந்து பார்த்தது நீங்கள் ஒராள்தான்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் உட்காராமலே நின்றேன்.

"ஆன்ட்டி, தண்ணி வரும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பயந்துட்டு சொல்லாம விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த ஈரத்தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"பெட்டியை அலுமாரிக்கு மேல வைக்கத்தான் எடுத்தனான் தம்பி. நீங்கள் வராது எண்டு சொன்னதாலதான் திரும்பக் கீழ வைச்சனான்."