புல் இல்லாத வளைவில் முருகன் என்னை நிறுத்தினான்

பழனியாண்டவரை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. ஐந்தாவது வரை படித்த எழுத்து இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வடகவுஞ்சிக்குக் கீழே இருக்கிற மலைப்பாதையில்தான் என் வீட்டுக்காரர் காய்கறி லாரியோடு பள்ளத்தில் போனார். அன்றைக்கும் பனிமூட்டம். அதே பாதையில் என் ஒரே மகள் செல்வி சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று போன ஐப்பசியில் வந்து நின்றாள். சர்க்கரை வந்த பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டவள். பழனியில் புறப்பட்டு, கொடைக்கானல் ஏரி வரை ஏறி, திரும்ப பழனிக்கு இறங்க வேண்டுமாம்.

"ஜெயிச்சா என்ன குடுப்பாக?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லம்மா. முடிச்சா ஒரு பதக்கம்."

"காசும் கட்டி, காலும் வலிச்சு, ஒரு தகரமா? இதுல என்னமோ சூது இருக்குடி."

"ஒனக்கு எல்லாத்துலயும் சூதுதான்."

அவள் கேட்கவில்லை. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவளையும் இந்தப் பாதை கேட்கிறது என்றே நினைத்தேன். அவள் ஓட்டப்போகிற ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே விளக்கேற்றி அழுதேன். "முருகா, என்னால் கூடப் போக முடியாது. நீ அவளுக்கு முன்னால் போய் நில்லு."

பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பாதைக்குப் போனேன். வளைவில் ஒரு ஜீப் நின்றது. அறியாத ஆள் ஒருவர், ஏறிப் போகிறவர்களின் நம்பரை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஏறிப் போனாள். அவர் நம்பரோடு அவள் பெயரையும் சொன்னார். இவருக்கு என் மகள் பெயர் எப்படித் தெரியும்?

அந்நிய ஆம்பளையிடம் போய்க் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு ஓடி அரிவாளை எடுத்து வந்தேன். புல் அறுக்கிறவள் போலக் குனிந்துகொண்டு அவரையே பார்த்திருந்தேன். அவர் டீ குடித்தால் பார்த்தேன். போன் பேசினால் காது கொடுத்தேன். சாப்பாட்டு நேரம் போனது. நான் நகரவில்லை.

மதியத்துக்கு மேல் பனி இறங்கியது. ஜீப்புக்கு அந்தப் பக்கம் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று பார்க்க, வளைவைத் தாண்டிக் கீழே போனேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மலைச்சரிவு பொலபொலவென்று கொட்டியது. பாதையை மண்ணும் கல்லும் மூடிவிட்டன. மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறங்கி வருகிறவர்கள் நேராக அதில்தான் விழுவார்கள்.

வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. "ஏங்க, பாதை மூடிக் கெடக்கு! நிறுத்துங்க!"

ஏன், எங்கே என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. விசிலை ஊதிக்கொண்டே ஜீப்பை நடுப்பாதையில் குறுக்கே நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டார். அடுத்த மூச்சில் பனிக்குள்ளிருந்து முதல் சைக்கிள் வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. என் செல்வி.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய் நின்றார்கள். அந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் இந்த சைக்கிள்காரங்க பந்தோபஸ்துக்குத்தான் வந்தேன், நம்பரும் பேரும் எழுதுன லிஸ்ட் கையிலயே இருக்கு. காலைல இருந்து ஒரு அம்மா அருவாளோட என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. வெறும் பாறையில ஏது புல்லு? முருகா, இந்தம்மாகிட்ட இருந்து காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்."

செல்வி அழுகையோடு சிரித்தாள். "எங்கம்மாதாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முன்னால் போய் நில்லு என்று முருகனிடம் கேட்டேன். அவன் என்னையே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். என்னிடம் தைரியம் இல்லை, படிப்பு இல்லை. சந்தேகம் ஒன்றுதான் நிறைய இருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறான்.

எல்லோரும் சைக்கிளைத் தோளில் தூக்கி மண்ணைக் கடந்து பழனி போய்ச் சேர்ந்தார்கள். செல்வியின் பதக்கம் இப்போது முருகன் படத்தில் தொங்குகிறது. நகத்தால் தட்டிப் பார்த்தேன். தகரம்தான்.

சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்றால் பொய். ஆனால் அவள் சைக்கிளை எடுக்கும்போது இப்போது திருநீறு பூசி அனுப்புகிறேன், சோறும் இறங்குகிறது. உங்களிடம் என்ன இருக்கிறதோ, நல்லதோ கெட்டதோ, அதோடு அவனிடம் போய்க் கேளுங்கள். அதை வைத்தே அவன் வழி செய்வான்.