கக்குவானும் வாய்க்கட்டும்

கல்மண்டபத்துப் பக்கம் எங்கள் சந்தில் கக்குவான் இருமல் கண்ட பிள்ளைக்கு முதலில் செய்வது வாய்க்கட்டு. பால் கூடாது, கஞ்சி கூடாது, வெந்நீர் மட்டும். வயிறு காலியாக இருந்தால் கக்க ஒன்றும் இருக்காது, இருமல் அடங்கிவிடும் என்று நினைப்பு. யார் கண்டுபிடித்த வைத்தியமோ, அவன் வாயில் மண் விழ!

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். மூச்சு விடாமல் இருமி, முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் 'கூ'வென்று மூச்சை இழுத்துப் பாலைக் கக்குவாள். பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் வெந்நீரோடு வந்துவிட்டாள்.

"வாயக் கட்டு. பாலக் குட்த்தா கபம் கட்டிக்கும்."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தர்மாஸ்பத்திரிக்கு நடந்தேன்.

டாக்டர் குழல் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவள் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. "நெஞ்சு சுத்தமா இருக்கு. வெறும் சளி" என்றார்.

"அது இருமி நீ கேக்கவே இல்லியே சார். கேட்டுட்டு சொல்லு."

வெளியே போகச் சொன்னார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பவுண்டர் வந்து கத்தினான்.

"எய்ந்து போமே! இது இன்னா உங்கப்பன் வூடா?"

"இல்லதான். என் பொண்ணு இருமாம நவுர மாட்டேன். இன்னா பண்ணுவே?"

அவன் போட்ட கூச்சலில் பிள்ளை பயந்து வீரிட்டாள். அழுகை இருமலாயிற்று. அந்தக் கூவல் கேட்டதும் டாக்டர் எழுந்து வந்து, முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

"கக்குவான்தான்" என்றார். குரல் தணிந்திருந்தது. "மருந்து குடுத்து இத நிறுத்த முடியாதும்மா. தானா ஓயணும், ரெண்டு மாசம்கூட ஆகும். புகை படாம வெச்சுக்கோ. கக்கி முடிச்ச உடனே கொஞ்சமா பால் குடு, அப்பதான் உள்ள தங்கும். பட்டினி மட்டும் போட்டுடாதே. இருமல்ல பிழைக்கிற குழந்தை பட்டினியில போயிடும்."

இரண்டு வருடத்துக்கு முன் இதே இருமலில்தான் என் மூத்த மகன் போனான். ஐந்து நாள் வாய்க்கட்டு. மாருக்குத் தாவியவனைத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரின் வெந்நீரைத் தெருவில் கொட்டினேன்.

"உன் திமிருக்குப் புள்ளய சாவடிக்கப் போற!" என்று அலறினாள்.

கதவைச் சாத்தி நாதாங்கி போட்டேன். சந்தை ஒட்டி ஓடும் ரயிலின் கரிப்புகை நுழையாமலிருக்க ஜன்னலில் ஈரத்துணி கட்டினேன். மகள் கக்கினாள், பால் கொடுத்தேன். மறுபடி கக்கினாள், மறுபடி கொடுத்தேன். சந்தில் என்னைப் பேசாத வாயில்லை. பேசிவிட்டுப் போகட்டும்!

இருமல் ஓய்ந்தபோது மகள் எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் இருந்தாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் அந்தக் கூவல் கேட்டாலும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்துவிடுவேன். "பாலக் குடு, இல்ல இங்கியே உக்காந்துக்குவேன்" என்பேன். பெற்ற தாய்மார்கள் கண்டபடி திட்டுவார்கள். திட்டட்டும். நான் என் மகனைத் தள்ளிப் படுக்கவைத்த அந்த ஐந்து நாளும் என் வீட்டுக்குள் நுழைந்து என்னைத் திட்ட ஒருத்திகூட வரவில்லை.