பூட்டிய வீட்டில் தம்ளர் சத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். மதுரையில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையின் சர்வீஸ் பிரிவில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் எழுமலைப் பக்கம், அப்பாவுக்கு விவசாயம். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோச்சடையில் அத்தை வீட்டில் தங்கி, மொபெட்டில் ஸ்பானர் பையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். கதவைத் திறக்கிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள். "மெக்கானிக் பின்னாடி வாராராம்மா?" என்று கேட்டால், "வந்தாச்சு, உள்ள விட்டீங்கன்னா வேலையப் பாக்கலாம்" என்பேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்திதான்.

அந்த மாதம் ஒரு டிரையர் என்னைப் படாத பாடு படுத்தியது. வாஷிங் மெஷினில் துணி பிழிகிற பகுதியையும் நம்மூரில் டிரையர் என்பார்கள். இது அதுவல்ல. சூடான காற்றை ஊதி, துணியை உருட்டி உருட்டி, முழுக்கக் காய வைத்துக் கொடுக்கிற தனி மெஷின். மதுரை வெயிலுக்கு ஈர வேட்டியை ஆளுக்கொரு முனை பிடித்து நின்றாலே காய்ந்துவிடும், இதற்குக் கரண்டைச் செலவழிக்க ஒரு மெஷினா என்று புகார் வந்த அன்று நானும் ஆபீஸில் உட்கார்ந்து சிரித்தேன். அந்த வீட்டுக்குள் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

வீடு மகாலுக்குப் பக்கத்தில், சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஒரு சந்தில். நூல் கடை வைத்திருந்து விட்டுவிட்ட ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நடு அறையில் இரும்புக் கட்டிலில் படுத்த படுக்கை. இடது கை மட்டும் அசையும். அந்தக் கைக்கு எட்டுகிற இடத்தில் ஓர் எவர்சில்வர் தம்ளர் இருக்கும். ஏதாவது வேண்டும் என்றால் அதை எடுத்துக் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். பெரியவர் எங்கிருந்தாலும் ஓடி வருவார்.

படுக்கை விரிப்பில் துளி ஈரம் இருந்தாலும் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும் என்பது படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பெரியவருக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியாது. வீட்டுக்குள்ளோ வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் சிங்கப்பூரில் இருந்த மகன் இந்த மெஷினை அனுப்பி வைத்திருந்தார். துவைப்பது, காய வைப்பது, மடிப்பது எல்லாம் பெரியவர்தான். வேலைக்கு ஆள் வைக்கவில்லை. மனைவியின் துணியை இன்னொருவர் தொட விட மாட்டார்.

மெஷினில் போனது ஒரு தெர்மல் ஃப்யூஸ். விரல் நகம் அளவுதான் இருக்கும். உள்ளே சூடு எல்லை மீறினால் அது தன்னை அறுத்துக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். முதலில் எங்கள் சீனியர் அண்ணன் போய் மாற்றிவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் மறுபடியும் போனது. இரண்டாவது தடவை என்னை அனுப்பினார்கள்.

ஃப்யூஸ் சும்மா போகாது. சூடு வெளியே போக வழியில்லை என்றால்தான் போகும். துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கிற வலையை எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு குழாய் கிளம்பி, பின்னறை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சூடான காற்று அது வழியாகத்தான் வெளியேற வேண்டும். புது ஃப்யூஸைப் போட்டு ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன், காற்று பலமாக வந்தது. ஹீட்டர் சரி, தெர்மோஸ்டாட் சரி, வோல்டேஜும் சரி. ஒரு குறையும் தெரியவில்லை.

"ஈரம் சொட்டச் சொட்டத் துணியப் போடுறீங்களாய்யா?"

"இல்லம்மா, நல்லாப் புழிஞ்சுதான் போடுறேன்."

"குழாய ஏதும் மடக்கி வச்சீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த முகத்தை அப்போதே கவனித்திருக்கலாம். மெஷினைப் பார்க்கிற கண்ணுக்கு மனுஷர் முகம் தெரியவில்லை.

ஃப்யூஸை மாற்றியதோடு கிளம்பினேன். அவரும் மருந்துக் கடைக்குக் கிளம்பி, என்னோடு வெளியே வந்து, கதவில் பெரிய பூட்டாகப் போட்டு இழுத்துப் பார்த்தார். "உள்ள ஆள வச்சுப் பூட்டுறீங்களேய்யா?" என்றேன். "தெறந்து போட்டா யாராச்சும் உள்ள வந்து இவ கெடக்குறதப் பாப்பாங்கம்மா. அவளுக்குப் பிடிக்காது" என்றார்.

வேலை முடிந்தது, மனசு முடியவில்லை. காரணம் தெரியாமல் மாற்றிய பாகம், மறுபடி போகத்தான் போகிறது. புகார் வருமென்று நாள்தோறும் எதிர்பார்த்தேன். வரவே இல்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆபீஸில் சொன்னால், "போன் வரலேனா நல்லாருக்குன்னு அர்த்தம். நீ ஏன் தாயி வம்பத் தேடிப் போற?" என்று சீனியர் அண்ணன் சிரித்தார்.

ஒரு நாள் பக்கத்துத் தெருவில் வேறொரு வேலை. முடித்துவிட்டு, அப்படியே எட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். யார் வீட்டுக்குப் போவதானாலும் முதலில் போன் செய்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அன்றைக்கு மழையில் அந்தப் பக்கம் போன் லைன் எல்லாம் செத்துக் கிடந்தது. சொல்லாமலே போனேன்.

கதவில் பூட்டுத் தொங்கியது. சரி, கடைக்குப் போயிருக்கிறார் என்று மொபெட்டைத் திருப்பும்போது உள்ளே அந்தச் சத்தம். டங்... டங்... டங். ஒரு தட்டுக்கு மேல் தட்டாத அம்மா, நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் மூக்கை வைத்தேன். சாம்பிராணிப் புகை மாதிரி இல்லை. துணி கருகுகிற வாடை.

"அம்மா!" என்று கத்தினேன். தம்ளர் இன்னும் வேகமாகத் தட்டியது.

அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓர் அக்கா, சாயம் முக்குமுன் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் மடியில் கிடந்த சேலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் வீட்டு முற்றத்துக்கு ஓடினோம். பெரியவர் வீட்டுப் பின்னறை ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தது. குழாயின் வாயைப் பார்த்தேன். அதற்குள் ஒரு துண்டு இறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது. துண்டின் ஓரத்தில் நூல் நூலாகப் புகை கசிந்துகொண்டிருந்தது.

"மாடி வழியாப் போயிரலாம், வா!" என்று அக்கா படியேறினார். இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். சேலையைச் செருகிக்கொண்டு அக்கா அந்தச் சுவரில் ஏறிய வேகத்தை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். அந்தப் பக்க மாடிக்கதவு மழையில் ஊறி உப்பி, தாழ்ப்பாள் சரியாக விழாமல் கிடந்தது. இரண்டு பேரும் தோளால் ஒரே இடி. திறந்துகொண்டது.

கீழே இறங்கியதும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். பின்னறை முழுக்கப் புகை. அக்கா நேரே மெஷினிடம் போய்க் கதவில் கை வைத்தார்.

"தெறக்காதீங்கக்கா! காத்துப் பட்டா குப்புனு பிடிச்சிரும்!"

அவர் கையைச் சுட்டதுபோல் எடுத்தார். துவைக்கக் கிடந்த விரிப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மெஷின் காற்று இழுக்கிற பக்கமெல்லாம் மூடினோம். குழாயில் இருந்த துண்டை நான் எடுக்கவில்லை. சூட்டை உள்ளேயே அடைத்துக் காரியத்தைக் கெடுத்தது அந்தத் துண்டுதான். ஆனால் அந்த நேரத்தில் காற்றை உள்ளே விடாமல் பிடித்து வைத்திருந்ததும் அதுதான்.

பிறகு இரண்டு பேருமாகக் கட்டிலை இழுத்துக்கொண்டு வாசல் அறைக்கு வந்தோம். அம்மா இருமினார். கண் நிறைய பயம். அக்கா அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அம்மா தம்ளரை மட்டும் கையை விட்டு விடவே இல்லை.

அப்போதுதான் பூட்டு திறக்கிற சத்தம். மருந்துக் கடைப் பையோடு பெரியவர் வாசலில் நின்றார். புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தார். வீடு புகைந்துகொண்டிருக்கும்போது அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்:

"துண்ட வச்சு அடைச்சுத்தாம்மா வச்சிருந்தேன். காத்து ஒங்க பக்கம் வரலையே?"

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். பெரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். மெஷின் வந்த புதிதில் ஒரு நாள், "துளசி மேல காத்து வருது, அந்தக் குழாயக் கொஞ்சம் திருப்பி வைங்க" என்று முற்றத்திலிருந்து அக்கா சொல்லியிருக்கிறார். குழாய்க்கு நேர் எதிரே அக்கா வீட்டுத் துளசி மாடம். படுக்கையில் கிடப்பவளின் துணியைக் காய வைத்த காற்று சாமி மேல் படுகிறது, அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். குழாயைத் திருப்பி வைக்க வேறு இடமும் இல்லை. அன்றிலிருந்து மெஷின் ஓடும்போதெல்லாம் குழாயைத் துண்டால் அடைத்திருக்கிறார். நாங்கள் வருவதாகப் போன் செய்ததும் எடுத்துவிடுவார். ஏன் அடைத்தீர்கள் என்று நாங்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சம். நான் மாற்றிய ஃப்யூஸும் போன பிறகு எங்களை மறுபடி கூப்பிட வெட்கப்பட்டு, தெரிந்த வயரிங் ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். அந்த ஆள் ஃப்யூஸையும் தெர்மோஸ்டாட்டையும் தாண்டி ஒரே வயரில் 'டைரக்ட்' கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சூட்டைப் பார்த்து நிறுத்துவதற்கு உள்ளே எதுவுமே இல்லாமல் மெஷின் ஓடியிருக்கிறது. பூட்டிய வீட்டில், நகர முடியாத மனுஷியைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் வெடித்தார்.

"சூட்டுக்குச் செடி வாடிருமேன்னு சொன்னேன்! அம்புட்டுத்தான சொன்னேன்! துளசி போனா நாளைக்கே வேற ஒண்ணு வச்சுக்குவேன். இவுக போனா எங்க போயி வாங்குறது? மேலுக்கு முடியலன்னு மட்டுந்தான் தெரியும், இம்புட்டு நாளும் இவுக இப்படிப் பேச்சில்லாமக் கெடக்குறத ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?" திட்டிக்கொண்டே அழுதார். பெரியவரும் அழுதார். நான் பெரிய தைரியசாலி மாதிரி மெஷினைப் பார்க்கப் போகிறேன் என்று பின்னறைக்குப் போய், அங்கே நின்று அழுதேன்.

மெஷின் ஆறிய பிறகு, மறுநாள் வந்து பிரித்தேன். ஹீட்டரைச் சுற்றி ஒட்டியிருந்த பஞ்செல்லாம் கரியாகக் கிடந்தது. கிட்டே போன வயர்களின் உறை உருகி வழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்த டைரக்ட் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போனவற்றை எல்லாம் புதிதாகப் போட்டேன். குழாயை என்ன செய்வது என்று நான் யோசிக்கும் முன்பே அக்கா ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார். தன் வீட்டு முற்றத்துச் சுவரிலேயே தகரக் குழாயை ஏற்றி, மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார். "எங்க செவருதான, தாராளமா ஏத்துப்பா" என்றார். பெரியவரிடம் பூட்டுக்கு இன்னொரு சாவி கேட்டு வாங்கி, தாலிச்சரட்டில் கிடந்த ஊக்கில் கோத்துக்கொண்டார்.

மெஷினை ஓடவிட்டு, மாடிக்குப் போய்க் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான காற்று யார் மேலும் படாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே வந்தபோது, காய்ந்த விரிப்பை அக்காவும் பெரியவருமாக அம்மாவுக்கு விரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரும் பார்த்தால் பிடிக்காது என்று பெரியவர் சொன்ன அந்த அம்மா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தம்ளரை எடுத்துக் கம்பியில் ஒரு தட்டு தட்டி, என்னைப் பார்த்தார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்குக் காப்பி போடச் சொல்றாம்மா" என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ மெஷின்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். எந்த வீட்டிலாவது ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போனால், ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் உட்கார்ந்து, "இத ஓட்டுறப்ப யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியாது போல என்று சிலர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பூட்டிய வீட்டு வாசலில் நின்று திரும்பும்போது மட்டும், உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்காமல் இன்றுவரை என்னால் வண்டியை எடுக்க முடிவதில்லை.